ஆட்டம் எங்கே முடிகிறது?

சமூக அறிவியலை விளையாட்டு வைத்து நடத்தலாமா என்ற விவாதம் புதுசல்ல. 1971 டிசம்பரில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுத்த பயிற்சி ஆசிரியர் டான் ராவிட்ச், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 'ஓரிகன் டிரெய்ல்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார். திரைகூடக் கிடையாது, எந்திரம் தாளில் அடித்துத் தரும். 1847-இல் மிஸௌரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு 2,040 மைல் மேற்கே போய்ச் சேரவேண்டும். வழியில் நோயிலோ பசியிலோ சாகலாம். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு ஆடினார்கள்.

1974-இல் மினசோட்டா கல்விக் கணினிக் கூட்டமைப்பில் சேர்ந்த ராவிட்ச், குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடர் எத்தனை முறை வரும் என்பதைத் திருத்தினார். பூர்வகுடிகள் பயணிகளுக்கு உதவியதையும் அவற்றில் கண்டு சேர்த்துக்கொண்டார். சரி, நல்ல மனசுதான். ஆனால் நாட்குறிப்பு யாருடையது? வண்டியில் போனவருடையது. நிலத்துக்காரர் அதில் உதவும் மற்றமையாகவோ மிரட்டும் மற்றமையாகவோதான் வரமுடியும். ஒரு தரப்பின் கதையாடல் எண்ணாகி, ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது. பாடநூலோடு வாதாடலாம். விதியோடு வாதாடினால் தோற்கத்தான் முடியும்.

ஓரிகன் போய்ச் சேர்ந்தால் வெற்றி, ஆட்டம் முடிந்தது. 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பூர்வகுடிகளோடு நில ஒப்பந்தங்கள் நிறைவேறும் முன்பே, அங்கே குடியேறிய வயதுவந்த வெள்ளை ஆணுக்கு 320 ஏக்கர் வழங்கிச் சட்டம் செய்தது. இந்தச் சட்டம் ஆட்டத்துக்குள் வர வழியே இல்லை. வண்டி வந்துசேர்ந்ததுமே கணினி வாழ்த்துச் சொல்லி விடைபெற்றுவிடுகிறது.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவரை ஆடுபவராக்கினால் போதுமா? அதே கூட்டமைப்பு 1992-இல் 'ஃப்ரீடம்!' என்ற விளையாட்டை வெளியிட்டது. தப்பியோடும் அடிமையாக மாணவர் ஆடவேண்டும். கருப்பினப் பெற்றோர் எதிர்த்தார்கள். 1993-இல் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளைக் குழந்தைக்கு அது அரைமணி நேர வேஷம். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் கருப்பினக் குழந்தைக்கு அது பூட்டியின் கதை. கணினி 'நீ' என்று விளிக்கும்போது எல்லாத் தன்னிலைகளும் ஒன்றுபோலத் திரும்பிப் பார்ப்பதில்லை.

2019-இல் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெய்ல்ஸ்' வந்தது. எழுதியவர்கள் பூர்வகுடியினர் பலர். இதில் ஆடுபவர், 1890களில் நிலமிழந்து கலிபோர்னியா நோக்கி நடக்கும் அனிஷினாபே. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளின் பொதுநிலத்தைத் துண்டுபோட்டது, 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1934-இல் 4.8 கோடியாகச் சுருங்கியது. பயணம் தொடங்குமிடம் மினசோட்டா. முதல் விளையாட்டு பிறந்த அதே மண்.

விளையாட்டோடு வகுப்புக்குள் போகும் நண்பர்கள் போகட்டும். விதியை எழுதியது யார், ஆட்டம் எந்த ஆண்டில் நிற்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். ஜெயித்துவிட்டேன் என்று துள்ளும் பிள்ளையிடம் 'சரி கண்ணு, இந்த நிலம் யாருது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாடம் அங்கேதான் ஆரம்பம்.