சுருட்டையின் இரு பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்து இரவொன்றில் இண்டூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட ஊர் அது. மேற்கே போகப்போக நிலம் வறண்டு, பாறையும் முட்புதரும் மிகுந்து, கடைசியில் ஒகேனக்கல்லில் காவிரி குடைந்த பள்ளத்தில் போய் முடியும். இரவு ஒன்பது மணி இருக்கும். பக்கத்து வீட்டில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், கோலின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒன்றரை அடி நீளமுள்ள பாம்பு. பழுப்பு உடலில் வெளிறிய பட்டைகள்.

"கட்டுவிரியனுங்க" என்றார் அடித்தவர்.

எனக்குச் சந்தேகம் வந்தது. கட்டுவிரியனின் பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கியும் வால் நோக்கிச் செல்லச் செல்லத் தெளிந்தும் இருக்கும். பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். இதில் எல்லாம் தலைகீழ். கழுத்தருகே அழுத்தமாகத் தொடங்கிய பட்டைகள் வாலுக்கு முன்பே கரைந்து போயிருந்தன. நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன். புத்தகத்தில் படித்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் திண்ணையில் இருந்த மூதாட்டி சொன்னார்: "செவுத்துல ஏறிச்சுன்னு சொன்னப்பவே சொன்னேன், இது விரியன் இல்லடா. கேட்டாத்தானே."

நான் பட்டைகளை எண்ணி வந்தடைந்த முடிவுக்கு அவர் பாம்பைப் பார்க்காமலே வந்திருந்தார். பாம்பை அடையாளம் காண்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உடலைப் படிப்பது, மற்றது நடத்தையைப் படிப்பது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான நம் ஊர்வன ஆய்வின் வரலாறு இவ்விரண்டும் சந்தித்துப் பிரிந்து மீண்டும் சந்தித்த கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

முதல் சந்திப்பு பாட்ரிக் ரஸ்ஸலால் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்து மருத்துவரான ரஸ்ஸல் இந்தியாவுக்கு வருமுன் சிரியாவின் அலெப்போ நகரில் பணியாற்றியவர். அங்கே பரவிய கொள்ளைநோயை நேரில் கண்டு அதைப்பற்றி நூல் எழுதியவர். 1781இல் விசாகப்பட்டினத்தில் அதிகாரியாக இருந்த தம்பிக்குத் துணையாக வந்தார். 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். கடற்கரை மாவட்டங்களில் பாம்புக்கடிச் சாவுகள் அவரை உறுத்தின. நஞ்சுள்ளதையும் இல்லாததையும் சாதாரண மனிதன் பிரித்தறிய எளிய வழி உண்டா என்பதே அவருடைய கேள்வி.

அன்று ஐரோப்பிய அறிவியலிடம் இருந்த கருவி லின்னேயஸ் தந்த எண்ணிக்கை முறை: வயிற்றுச் செதில் எத்தனை, வாலடிச் செதில் எத்தனை என்று எண்ணிப் பெயரிடுவது. நஞ்சைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. ஆகவே ரஸ்ஸல் பாம்பின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவைத்து விளைவுகளைக் குறித்தார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது.

அந்த நூலின் ஒரு சிறப்பை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும். படங்களுக்கு அவர் இட்ட தலைப்புகளில் பல உள்ளூர்ப் பெயர்கள். இன்று உலகம் முழுவதும் அவர் பெயராலேயே 'ரஸ்ஸலின் விரியன்' என்று வழங்கும் கண்ணாடி விரியனுக்கு அவர் எழுதியிருப்பது 'கடுக ரேகுல பொட' என்ற தெலுங்குப் பெயர். சுருட்டை விரியனுக்கு அவர் தந்தது 'ஹொரட்டா பாம்'. அது ஆரணியிலிருந்து அவருக்குக் கிடைத்தது. 'பாம்' நம் பாம்புதான் என்பதில் ஐயமில்லை. 'ஹொரட்டா' என்பது 'சுருட்டை' என்ற சொல் ஆங்கிலேயக் காதில் விழுந்து உருமாறிய வடிவம் என்பது என் ஊகம்.

ஆரணிக்கும் தருமபுரிக்கும் நடுவே ஜவ்வாது மலை மட்டுமே. 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி குறித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ரஸ்ஸலின் பாம்புகளும் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தன.

*

ஆனால் அறிவியலில் நிலைப்பது உள்ளூர்ப் பெயரல்ல. ஹொரட்டா பாமுக்கு முறையான லத்தீன் பெயரைச் சூட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் காட்லோப் ஷ்னைடர். ஆரணி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் முதன்மையாக ஒரு மொழியறிஞர். கிரேக்க அகராதி தொகுத்தவர். நீர்நில வாழ்வனவற்றையும் ஊர்வனவற்றையும் பற்றி 1799இலும் 1801இலும் அவர் வெளியிட்ட இரு பகுதிகளில், நம் ஊர்த் தேரையும் கட்டுவிரியனும் சுருட்டையும் லத்தீன் பெயர் பெற்றன. அவர் சுருட்டைக்கு இட்ட 'கரினாட்டா' என்ற சொல் செதிலின் நடுவே ஓடும் மேட்டை, படகின் அடிக்கட்டைக்கு ஒப்பிடுகிறது. அந்த மேடுகளின் ரம்ப விளிம்பை ஒன்றோடொன்று உரசித்தான் சுருட்டை தன் எச்சரிக்கை ஒலியை எழுப்புகிறது. ஷ்னைடர் செதிலைக் கண்டார், ஒலியைக் கேட்டதில்லை.

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. நம் தமிழ் வழக்கு கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மூன்றையும் விரியன் என்ற ஒரே பெயரில் அடக்குகிறது. இன்றைய வகைப்பாட்டில் இது பிழை. கட்டுவிரியன் நல்ல பாம்பின் குடும்பம். மற்ற இரண்டும் வேறு குடும்பம். 'மக்களின் அறியாமை' என்று இதைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. ஆனால் 1801இல் ஷ்னைடரும் கட்டுவிரியனையும் சுருட்டையையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார்! இரண்டுக்கும் வாலடிச் செதில்கள் இரட்டையாகப் பிரியாமல் ஒற்றையாக இருப்பதே காரணமாகத் தெரிகிறது. அவர் செதிலை எண்ணிச் செய்த பிழையை நம்மவர் செய்யவில்லை. அவர்கள் எண்ணியது செதிலை அல்ல, சாவை. வெற்றுக் காலோடு இரவில் நடப்பவன் எதை மிதிக்கக் கூடாதோ அதற்கு இட்ட பெயர் விரியன்.

பெயர்கள் அச்சத்தின் வழியே பிறக்கின்றன என்பதற்குத் தவளைகள் மறுபக்கச் சான்று. இண்டூர்ப் பக்கத்தில் முதல் பெருமழை பெய்த இரவில் அதுவரை காணாத தவளைகள் குட்டையெங்கும் கத்தும். மழையோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று சொல்வாருண்டு. உண்மையில் அவை காலடியிலேயே இருந்தவை. பின்னங்காலின் உள்விளிம்பில் மண்வெட்டி போன்ற கடினப் புடைப்பு உண்டு. அதைக்கொண்டு பின்புறமாக மண்ணைத் தோண்டி இறங்கி, வறண்ட மாதங்களை நிலத்தடியில் கழிப்பவை. அந்தப் புடைப்பைப் பார்த்தே ஆய்வாளர்கள் இவற்றை முதலில் பிரித்தறிகிறார்கள். நம் பேச்சு வழக்கிலோ இத்தனைக்கும் தவளை, தேரை என்ற இரண்டு சொற்களே பெரும்பாலும் போதுமாயின. அவற்றால் யாரும் சாகவில்லை.

அச்சம் தவறாகவும் பெயரெடுக்க வைக்கும். "அரணை கடித்தால் மரணம்" என்கிறோம். அரணைக்கு நஞ்சே கிடையாது. மண்ணுளிப் பாம்பின் கதை இதனினும் கொடியது. அந்தப் பாம்புக்கு ரஸ்ஸல் 1801இல் இட்ட 'ஜானி' என்ற பெயர், தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியாரும் இயற்கையியலாளருமான கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜானின் நினைவாக அமைந்தது. மொட்டை வால் தலையைப் போலத் தெரிவதால் இருதலைப் பாம்பு என்றார்கள். இரு தலை உண்டென்றால் மந்திர சக்தியும் உண்டென்று யாரோ விலை வைத்தார்கள். சாதுவான அந்தப் பாம்பு இன்றும் கடத்தப்படுகிறது.

*

ரஸ்ஸலின் எளிய வழியைத் தேடும் முயற்சி நூறாண்டு தொடர்ந்தது. 1864இல் குந்தரும் 1890இல் பூலஞ்சேயும் பெருந்தொகுப்புகள் எழுதினார்கள். சாமானியருக்கான கையேட்டை எழுதியவர், இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர் ஃபிராங்க் வால். 1907இல் வெளிவந்த அவருடைய சிறுநூல், முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாகவும் கீழுதட்டுச் செதில்களில் நான்காவது மிகப் பெரிதாகவும் இருந்தால் கட்டுவிரியன் என்று திட்டவட்டமாகச் சொன்னது. துல்லியமான வழிதான். ஆனால் கீழுதட்டில் நான்காவது செதிலைத் தேட வேண்டுமென்றால் பாம்பு முதலில் செத்திருக்க வேண்டும்.

இதற்குள் அடையாளம் காண்பதன் அவசரம் கூடியிருந்தது. 1895இல் பிரெஞ்சு மருத்துவர் கால்மெத் நச்சு முறிவு மருந்தை உருவாக்கினார். ஒரு பாம்பின் நஞ்சுக்கான முறிவு இன்னொன்றுக்கு உதவாது என்பது விரைவில் தெரிந்தது. எனவே இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நால்வகை நஞ்சுக்கும் பொதுவான மருந்து உருவானது.

அந்த மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். இங்கேதான் இரண்டாம் சந்திப்பு. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பு 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பின் நின்றது. ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. மண்ணில் பதிந்த தடத்தையும் வளைவாயில் கிடக்கும் எச்சத்தையும் கொண்டு உள்ளே இருப்பது எது என்று சொல்பவர்கள் அவர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ரஸ்ஸலுக்குப் பாம்பு கொண்டுவந்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

*

2020இல் வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர். கடித்த பாம்பைத் தேடி அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் நேரத்தை இழப்பவர்களும், அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்குபவர்களும் உண்டு. இன்று அது தேவையே இல்லை. மருத்துவர் கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைக்கிறார். உறையவில்லையென்றால் கடித்தது விரியன் குடும்பம் என்பதற்கு வலுவான குறி. இரவில் தூங்கும்போது வலியே தெரியாத கடி, விடியலில் வயிற்றுவலி, மூட முயலும் இமைகள் என்றால் கட்டுவிரியன் என்று ஐயுறுகிறார். செதிலையும் பட்டையையும் கடந்து, பாம்பு என்ன செய்தது என்பதைக் கொண்டே அதை அறியும் முறைக்கு மருத்துவமும் வந்து சேர்ந்திருக்கிறது. சுவரில் ஏறியதைக் கேட்டே தீர்ப்புச் சொன்ன மூதாட்டி அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் கரைக் காடுகள் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆற்றில் வாழும் முதலைக்கும் அரிய மென்னோட்டு ஆமைக்கும் அது புகலிடம். சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே, இண்டூரின் திண்ணையோரத்தில் வாழும் வெள்ளிக்கோல் வரையனுக்கு எந்த அறிவிப்பும் காவலாகாது. அதன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்கவும் யாராவது இருக்க வேண்டும். அன்றிரவு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.