பூவரசு: வெட்ட வெட்டப் பெருகிய மரம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, நம் பள்ளியின் வடக்கு வேலியில் வரிசையாக நின்ற பூவரசுகள்தாம் முதலில் என் நினைவுக்கு வந்தன. அந்த இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாமலும், காயைப் பம்பரமாகச் சுழற்றாமலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எங்கள் தலைமுறையில் எவருமில்லை. பின்னாளில் தாவரவியல் ஆசிரியனாகி, அதே மரத்தின் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். சென்ற ஆண்டு இங்கே வந்தபோது பிள்ளைகளிடம் ஓர் இலையைக் காட்டிப் பெயர் கேட்டேன். பெரும்பாலோர் ‘அரச இலை’ என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலி இருந்த இடத்தில் இப்போது மதில் நிற்கிறது.

அடையாளம்

பிள்ளைகள் சொன்ன விடையிலும் ஒரு பாதி உண்மை உண்டு. அரசிலை போன்ற இலையும் கண்ணுக்குத் தெரியும் பூவும் உடையது பூவரசு என்றே பெயர்க்காரணம் சொல்வார்கள். இரண்டையும் பிரித்தறிவது எளிது. அரசிலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும். பூவரசிலை இதய வடிவில் இருந்தாலும் அந்த நீண்ட வால் இருக்காது. அரசிலையைக் கிள்ளினால் பால் வடியும்; பூவரசிலையில் பால் இல்லை. அரசின் பூக்கள் அத்திக்கு உள்ளதுபோல் காய்க்குள்ளேயே மறைந்திருக்கும். பூவரசோ மணி வடிவில், ஐந்து இதழ்களோடு வெளிப்படையாகப் பூக்கும். காலையில் வெளிர்மஞ்சளாக விரியும் பூவின் உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும். மாலையில் அந்த மஞ்சள் செந்நிறமாக மாறி வாடும். ஆகவே ஒரே மரத்தில் இன்றைய பூவையும் நேற்றைய பூவையும் நிறத்தைக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம்.

பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் குடும்பமே இதற்கும். பூவின் நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றுசேர்ந்து குழலாக நிற்பதைப் பார்த்தால் அந்த உறவு விளங்கும். பருத்தி விதையிலுள்ள காசிப்பால் என்னும் வேதிப்பொருள் பூவரசிலும் உண்டு. பருத்திக் காய்களைக் கறைப்படுத்தும் சிவப்புப் பூச்சி பூவரசங்காயையும் நாடி வருவது இந்த உறவால்தான்.

கடலோரத்தில் இன்னொரு மரத்தோடும் குழப்பம் வரும். அது நீர்ப்பருத்தி. அதன் இலை வட்டமானது, அடிப்பக்கம் வெளிறி மென்மயிர் படர்ந்திருக்கும்; புல்லிவட்டம் ஐந்தாகப் பிளந்திருக்கும். பூவரசின் புல்லிவட்டம் விளிம்பில் பிளவில்லாத சிறு கிண்ணம். காய் முற்றிய பின்னும் அந்தக் கிண்ணம் தட்டையான தட்டாகக் காயைத் தாங்கி நிற்கும். பச்சைக் காயை நகத்தால் கீறினால் மஞ்சள் பால் கசியும். சந்தேகம் தீர்வதற்கு இந்த ஒரு சோதனை போதும்.

வைரம்

இலையும் பூவும் தாவரவியலாருக்குப் போதும். ஆசாரிக்கு மரத்தின் உள்ளே தெரிய வேண்டும். அறுத்த கட்டையில் வெளிப்புறம் வெள்ளை, உள்ளே வைரம் என்று அவர் பிரிப்பார். பூவரசின் வெள்ளை மங்கிய நிறமுடையது, பூச்சி அரிக்கும். வைரமோ செம்பழுப்பாக, சில மரங்களில் கருஞ்சிவப்பு ரேகை ஓடி, தேக்கும் நூக்கும் பார்த்த கண்களையும் நிறுத்தும். புதிதாக அறுக்கும்போது மெல்லிய ரோஜா மணம் வரும். இழைப்புளிக்கு இணங்கும், நன்றாக மெருகேறும், காய்ந்தபின் அதிகம் சுருங்காது, ஈரத்தையும் கரையானையும் தாங்கும்.

இந்தக் குணங்கள் எல்லாம் சேர்ந்தே அதன் வேலையைத் தீர்மானித்தன. கட்டை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், பளுவும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய உறுப்பு. கடினத்தோடு முறியாத தன்மையும் அதற்கு வேண்டும். அதற்குப் பூவரசு உதவியது. ஏர்க்கருவிகள், துப்பாக்கிக் கட்டை, படகு வேலை, கதவு, நாற்காலி, பெட்டி என்று அதன் பயன் விரிந்தது. பட்டையிலிருந்து நார் உரித்துக் கயிறு திரித்தார்கள். தழை வயலுக்கு உரமாயிற்று, ஆட்டுக்குத் தீனியாயிற்று. இலையில் மாவைத் தட்டி வேகவைத்தால் கொழுக்கட்டைக்கு அதன் மணம் ஏறும். பட்டையையும் காய்ப்பாலையும் தோல்நோய்க்கு நாட்டு மருத்துவர்கள் கையாண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பூவரசு வேலிக் கதியாலாக, அதாவது உயிருள்ள வேலிக்காலாக, நின்றது. அதன் குழையை வெட்டித் தோட்டத்து மண்ணில் உரமாகத் தாழ்த்தினார்கள்.

கடல் கடந்த உறவு

பூவரசின் விதை உப்பு நீரில் மிதந்து, கரை சேர்ந்தபின் முளைக்கும். அதனால் இந்தியப் பெருங்கடல் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் அது ஊர்க்கார மரம். தாவரவியலார் லின்னேயஸ் 1753-இல் இதைச் செம்பருத்திப் பேரினத்தில் வைத்து, இலை பாப்லர் மரத்தை ஒத்ததால் ‘பாப்புல்னியஸ்’ என்றார். கேப்டன் குக்குடன் 1769-இல் தாஹிதித் தீவுக்குப் போன தாவரவியலார் சோலாண்டர், அங்கே வழிபாட்டிடங்களை ஒட்டி இம்மரம் நிற்பதைக் கண்டு, ‘தெய்வத்தன்மை உடையது’ என்ற கிரேக்கச் சொல்லால் ‘தெஸ்பீசியா’ எனப் பெயரிட்டார். 1807-இல் தாவரவியலார் கொர்ரேயா அந்தப் பெயரை முறைப்படி வெளியிட்டார். ஆங்கிலேயர் வழங்கிய ‘போர்ஷியா’ என்ற பெயரோ நம் ‘பூவரசு’ அவர்கள் நாவில் திரிந்த வடிவம்.

ஹவாய்த் தீவினர் இதை மிலோ என்பார்கள். உணவுக் கலங்களை அவர்கள் இம்மரத்தில் கடைந்தார்கள், ஏனென்றால் உணவில் மரத்தின் சுவை இறங்காது. ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்துப் பலகைகள் சிலவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அவை பூவரசு மரம் எனக் கண்டார்கள். அந்த எழுத்தை இதுவரை எவரும் படித்தறியவில்லை. எழுதிய மரத்தை மட்டும் அதன் இழைகளைக்கொண்டு படித்துவிட்டோம்.

இலங்கையில் சிங்களர் இதைச் சூரிய என்பார்கள். 1930-களில், நவம்பர் 11 அன்று பிரித்தானியப் படைவீரர் நிதிக்காகப் பாப்பி மலர்கள் விற்கப்பட்டபோது, அதற்கு எதிராக இளைஞர்கள் இந்த மலரை விற்றார்கள். ‘சூரிய மல்’ இயக்கம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். வேலியோரத்துப் பூ ஒன்று ஒரு நாட்டின் தன்மான அடையாளமாயிற்று.

போத்தும் விதையும்

இத்தனை வெட்டியும் அந்நாளில் இந்த மரம் ஏன் அழியவில்லை? இதற்கான விடையைத்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்பினேன். தழைக்காகவும் விறகுக்காகவும் கிளை வெட்டும்போதெல்லாம், கைப்பருமனுள்ள நேரான கிளைகளை எடுத்துப் போத்தாக நட்டார்கள். மழைக்காலத்தில் ஈர மண்ணில் ஊன்றினால் அது வேர்பிடித்துத் துளிர்க்கும். ஆளுயரப் போத்து என்பதால் ஆடு மேயும் என்ற கவலையும் குறைவு. ஒவ்வொரு வெட்டும் ஒரு நடவைத் தந்தது. வண்டி போய், ஏர் போய், தழையுரம் போன பிறகு கிளை வெட்ட ஆளில்லை, நடவும் நின்றது. கோடரி குறைந்ததால் காணாமல் போன மரம் இது. பயன் மறைந்ததும் அடையாளமும் மறந்துபோயிற்று. பிள்ளைகள் ‘அரசு’ என்று சொன்னதன் காரணம் இதுவே.

போத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதிலிருந்து வரும் மரம் பெரும்பாலும் தாழக் கிளைத்துக் கோணலாக வளரும். நிழலுக்கும் தழைக்கும் அது போதும். கதவுக்கும் மேசைக்கும் நேரான அடிமரம் வேண்டுமானால் விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது. விதை முளைக்க நாளாகும். மேல்தோலைச் சற்றே கீறிவிட்டு ஊறவைத்தால் விரைவில் முளைக்கும்.

பழைய வேலியின் மரங்களில் ஒன்று மட்டும் நம் பள்ளிக் கிணற்றடியில் இன்னும் நிற்கிறது. இந்த ஐப்பசியில் அதன் கிளைகளில் பத்துப் போத்து எடுக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். போத்தில் வளர்வது தாவரவியல் முறையில் இன்னொரு மரமாகாது. அதே மரத்தின் உடல்தான் வேறோர் இடத்தில் வேரூன்றுகிறது. எங்களுக்குப் பீப்பி தந்த அந்த மரத்தையே, மதிலின் உட்புறம், நம் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் நடுவோம். இலையைச் சுருட்டி ஊத முதல் நாள் நான் கற்றுத் தருகிறேன்.