படக்கோப்பும் ஆக்கவுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு காலத்தின் எழுத்து எவ்வடிவில் நம் கையை வந்தடைகின்றது என்பதை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எழுதுபொருளும், அதன் விலையும், அதனை ஆள்வோரின் உரிமையும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. ஏடு, கடதாசி, அச்சு என்பன பற்றி நாம் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவதில்லை. கணினி வலையிற் படங்கள் பரவிய வரலாற்றுக்கும் இது பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஒரு படத்தை வலையில் இடுமுன் அதனை எந்த வடிவில், எந்த மென்பொருளைக் கொண்டு சுருக்குவது என்பது இன்று வெறும் பொறியியற் பிரச்சினையாகவே கொள்ளப்படுகின்றது. எது கோப்பைக் கூடுதலாகச் சிறுக்க வைக்கும், எது விரைவாக இயங்கும் என்று ஒப்பிடுவதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. ஆனால், அக்கருவிகள் ஏன் தோன்றின என்று பின்னோக்கிச் செல்வோமாயின், ஆய்வுகூடத்தைக் கடந்து ஆக்கவுரிமை அலுவலகத்தின் வாசலிற் போய் நிற்கின்றோம். கலைப்பீட மாணவர் இவ்விடயத்திற் புகுவதற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை.

சுருக்கவேண்டிய தேவை எத்துணைக் கடுமையானதாக இருந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப்படத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைற்று வீதம் அது 921,600 பைற்றாகும். 1990களின் முற்பகுதியில் தொலைபேசிக் கம்பிவழியே செக்கனுக்கு 14,400 பிற்று அனுப்பவல்ல மோடம் ஒன்று அப்படத்தைக் கொண்டுவந்து சேர்க்க 512 செக்கன், அதாவது எட்டரை நிமிடத்துக்கும் மேல், எடுத்திருக்கும். அதனைப் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 34 செக்கன் போதும். வலையிற் படம் என்ற ஒன்று இருக்குமா, இராதா என்பதே இவ்விரண்டு எண்களுக்கிடையே தங்கியிருந்தது.

சுருக்கும் வழி இரண்டு. ஒன்று, மீள வரும் கோலங்களைக் கண்டறிந்து அவற்றைக் குறுகிய குறியீடுகளால் எழுதுவது. இதில் எதுவும் இழக்கப்படாது. விரித்தால் மூலப்படம் அப்படியே மீளும். மற்றையது, மனிதக் கண் பொருட்படுத்தாதவற்றைக் கைவிடுவது. இதில் இழப்பு உண்டு. ஆயின் சுருக்கம் பன்மடங்கு அதிகம். முதலாவது வழியின் வேர் 1977இலும் 1978இலும் யாக்கோப் சிவ், ஏப்ரகாம் லெம்பல் ஆகிய இருவரும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் உள்ளது. இவர்களுடைய இரண்டாவது முறையைத் திருத்தியமைத்த ரெறி வெல்ச் என்பார் 1984இல் அதனை ஒரு கணினிச் சஞ்சிகையில் எழுதினார். மூவரின் பெயர் முதலெழுத்துக்களால் எல்.இஸட்.டபிள்யு. என அது வழங்கலாயிற்று. எளிமையான முறை, படித்தவர் எவரும் செய்து பார்க்கக்கூடியது. பலரும் செய்தனர்.

அவ்வாறு செய்தோருள் ஐக்கிய அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனமும் ஒன்று. ஸ்டீவ் வில்ஹைற் தலைமையிலான குழுவினர் 1987 யூன் மாதத்தில் ஜிஃப் எனும் வடிவத்தை வெளியிட்டனர். 256 வண்ணங்களுக்கு மேல் ஒரு படத்தில் இடமளிக்காத வடிவம் அது. எனினும் அதன் இலக்கணம் பகிரங்கமாகத் தரப்பட்டிருந்தமையால் எவரும் அதனைக் கையாண்டனர். 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் பிறந்த மொசேய்க் உலாவி, எழுத்துக்கு நடுவே படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டத் தொடங்கியபோது, அதற்கு ஆயத்தமாக நின்ற வடிவம் ஜிஃப்தான்.

ஆனால் வெல்ச் தமது ஆய்வைச் செய்தது ஸ்பெறி எனும் கம்பனியின் ஆய்வுநிலையத்தில். அக்கம்பனி 1983 யூன் 20ஆந் திகதி அம்முறைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்து, 1985 டிசம்பரில் அதனைப் பெற்றும் இருந்தது. 1986இல் ஸ்பெறியும் பறோஸும் இணைந்து யுனிசிஸ் ஆனபோது உரிமையும் கைமாறியது. இதில் இன்னுமொரு விநோதமும் உண்டு. ஏறத்தாழ இதே முறைக்கு ஐ.பி.எம். நிறுவனமும் அதே 1983 யூன் மாதத் தொடக்கத்தில் விண்ணப்பித்து, 1989இல் உரிமை பெற்றது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதிய கதையாக இது இருக்கின்றது.

ஏழாண்டுகள் வரை இதனால் எவருக்கும் எவ்விதத் தடையும் நேரவில்லை. வலை வளர்ந்தது, ஜிஃப்பும் அதனோடு வளர்ந்தது. 1994 டிசம்பர் இறுதியில், நத்தார் விடுமுறையிற் பலரும் வீட்டிலிருந்த வேளையில், ஜிஃப்பைக் கையாளும் மென்பொருள் ஆக்குவோர் இனி அனுமதிக் கட்டணம் செலுத்த வேண்டுமென்ற அறிவித்தல் வெளிவந்தது. சந்தை சிறிதாக இருந்தபோது உறங்கிக்கிடந்த ஓர் உரிமை, சந்தை பெருத்தபின் விழித்துக்கொண்டமை இங்கு நோக்கற்பாலது. யுனிசிஸ் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்துவிடவில்லை. அதனாற்றான் இந்நிகழ்ச்சி ஆராயத்தக்கதாகின்றது: பொதுவுடைமை என எல்லோரும் எண்ணிப் புழங்கிய ஒன்று, சட்டப்படி என்றுமே பொதுவாக இருந்ததில்லை.

எதிர்விளைவு வியப்பூட்டும் வேகத்தில் நிகழ்ந்தது. 1995 சனவரி 4ஆந் திகதி, அறிவித்தல் வந்து ஒரு வாரமளவில், தோமஸ் பூட்டல் என்பார் புதிய வடிவமொன்றின் முதல் வரைவைக் கணினி வலையமைப்பில் அனைவர் பார்வைக்கும் வைத்தார். வெவ்வேறு நாட்டினர் பலர், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, அதனைத் திருத்தினர். 1996 ஒக்டோபரில் அது வலையின் நியமங்களை வகுக்கும் அமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதுவே பி.என்.ஜி. வெல்ச்சின் முறையைத் தவிர்க்கும் பொருட்டு இதனை ஆக்கியோர் சிவ், லெம்பல் இருவரின் 1977ஆம் ஆண்டு முறைக்கே திரும்பிச் சென்றனர். அதனோடு டேவிட் ஹஃப்மன் வகுத்த குறியீட்டு முறையையும் இணைத்திருந்த, ஃபில் காற்ஸ் என்பாரின் சுருக்க முறையை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதனை இயக்கும் மென்பொருள் நூலகத்தை ழான்-லூ கெய்லி, மார்க் அட்லர் ஆகிய இருவரும் இலவசமாக அளித்தனர். ஹஃப்மனைப் பற்றி ஒரு சொல்: 1951இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இறுதிப் பரீட்சைக்குப் பதிலாக ஒரு பாடக் கட்டுரை எழுதலாம் என்று விரிவுரையாளர் கூறியதனால் அம்மாணவர் கண்டுபிடித்த முறை அது. பரீட்சைக்கு மாற்றாகக் கட்டுரை கேட்கும் நம்மவர்க்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது!

கட்டாயத்தாற் பிறந்த பி.என்.ஜி., ஜிஃப்பைவிடச் சிறந்ததாகவும் அமைந்தது. 256 வண்ணம் என்ற வரம்பு அதற்கில்லை. அரைகுறை ஒளிபுகும் தன்மையையும் அது காட்டவல்லது. பெரும்பாலும் கோப்பும் சிறிது. அவ்வாறாயின் அது உடனே வென்றிருக்க வேண்டுமன்றோ? வெல்லவில்லை. அக்காலத்தில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்திய மைக்ரோசொஃப்ற் உலாவி, பி.என்.ஜி. படங்களின் ஒளிபுகும் தன்மையை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியது 2006இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலேதான். வெல்ச்சின் ஆக்கவுரிமையோ ஐக்கிய அமெரிக்காவில் 2003 யூன் 20ஆந் திகதியே காலாவதியாகிவிட்டது. நோய் தீர்ந்து மூன்றாண்டு சென்றபின் மருந்து வீடுதோறும் வந்து சேர்ந்தது எனலாம்.

இனி, இழப்புள்ள சுருக்கத்தின் கதை. அதன் கணித அடித்தளத்தை நாசிர் அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974 சனவரியில் வெளியிட்ட சுருக்கமான கட்டுரையொன்றிற் காணலாம். பெங்களூரிற் பிறந்து கன்சாஸில் கற்பித்த அகமது, இவ்வாய்வுக்கு 1972இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் நிதி கேட்டு மறுக்கப்பட்டவர். எண்ணம் மிக எளிதாகத் தோன்றியதே மறுப்புக்குக் காரணம் என்று பின்னாளில் அவர் எழுதினார். படத்தை எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மெதுவாக மாறும் ஒளி, விரைந்து மாறும் ஒளி எனக் கூறுகளாக எழுதினால், விரைந்து மாறும் கூறுகளைப் பெரும்பாலும் கைவிடலாம். கண் அதனைக் கவனிப்பதில்லை.

1986இல் அமைந்த ஜேபெக் குழு இதனை ஏற்ற விதம் நமது வாதத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றக்கூடியது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். குழுவின் முன் பன்னிரண்டு முறைகள் வைக்கப்பட்டன. 1987 யூனில், எது எவருடையது என்று அறியாமலே படங்களின் தரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அவற்றுள் மூன்றினைத் தெரிந்தனர். 1988 சனவரியில் இன்னும் கடுமையான சோதனையின் பின் மேற்சொன்ன முறை முதலிடம் பெற்றது. இங்குத் தீர்ப்பளித்தது தரமே, உடைமையன்று. ஆனால் 1992இல் நியமம் வெளிவந்தபோது, இறுதிப் படிக்கு இரண்டு வழிகள் அதில் இடம்பெற்றன: ஒன்று ஹஃப்மனின் பழைய முறை, மற்றையது கோப்பை நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரை மேலும் சுருக்கக்கூடிய எண்கணிதக் குறியீட்டு முறை. பின்னையதன்மீது ஐ.பி.எம். முதலிய கம்பனிகளின் ஆக்கவுரிமை படிந்திருந்தது. எனவே மென்பொருள் ஆக்குவோர் அதனைத் தொடவே அஞ்சினர். வலையிற் சென்ற ஜேபெக் கோப்புகள், இருந்திருக்க வேண்டியதைவிடச் சற்றுப் பருத்தே காலங் கழித்தன. தரம் தெரிவு செய்ததை உடைமை மறுபடி திருத்தியது.

ஜேபெக்கின் வெற்றிக்குக் கணிதம் பாதிக் காரணமாயின், மறுபாதி ரொம் லேன் முதலானோர் ‘சுயாதீன ஜேபெக் குழு’ என்ற பெயரில் 1991 ஒக்டோபரில் வெளியிட்ட இலவச மென்பொருளாகும். நியமத்தை விலைகொடுத்து வாங்கிப் படித்து விளங்க வேண்டிய தேவையை அது நீக்கியது. உலாவி ஆக்குவோரும் படத் திருத்தி ஆக்குவோரும் அந்நிரலை அப்படியே எடுத்துக்கொண்டனர். இன்று பல கருவிகளிற் காணப்படும் தர அளவுகோலும் அதன் வழிவந்ததே. அதனொடு வந்த சுருக்குங் கருவி, நாம் வேறெதுவும் சொல்லாவிடின் 75 எனும் எண்ணையே எடுத்துக்கொள்ளும். இது நூற்றுவீதம் அன்று என்பதையும், ஒரு கருவியின் 75 மற்றொன்றின் 75க்குச் சமமாகாது என்பதையும் கருவி தெரிவோர் பலர் கவனிப்பதில்லை.

இவ்வெற்றியும் உரிமைக் கோரிக்கைக்குத் தப்பவில்லை. 2002இல் ஃபோர்ஜென்ற் எனும் கம்பனி, தான் விலைக்கு வாங்கிய வேறொரு கம்பனியின் 1987ஆம் ஆண்டு ஆக்கவுரிமையைக் காட்டி, ஜேபெக்கைக் கையாள்வோரிடம் கட்டணம் கோரியது. பத்துக் கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகை அதற்குக் கிடைத்தது. 2006இல் ஆக்கவுரிமை அலுவலகம் அவ்வுரிமையின் மிக விரிந்த கூற்றுகளை நிராகரிக்க, அவ்வாண்டின் இறுதியில் கோரிக்கை கைவிடப்பட்டது. ஜேபெக் 2000 எனும் மேம்பட்ட நியமம் அதற்கு ஆறாண்டுகள் முன்பே வெளிவந்திருந்தும் வலையில் வேரூன்றாமைக்கு அதன் சிக்கலான அமைப்போடு, மறைந்துகிடக்கும் உரிமைகள் பற்றிய இவ்வகை அச்சமும் ஒரு காரணமாகும்.

உரிமைகள் காலாவதியானபின் நடந்தது கவனத்துக்குரியது. நியமம் கோப்பை விரிக்கும் முறையையே கட்டுப்படுத்துகின்றது. சுருக்குபவர் தம் திறமைக்கேற்பச் சுருக்கலாம். ஆகவே பழைய வடிவத்தை மாற்றாமல், கருவியை மட்டும் கூராக்கும் போட்டி தொடங்கியது. 2013இல் கூகிள் ஊழியர் வெளியிட்ட சோப்ஃப்ளி, பி.என்.ஜி. பயன்படுத்தும் அதே முறையில் ஒரு சில வீதம் கூடுதலாகச் சுருக்கியது; அதற்கு ஏறத்தாழ நூறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. 2014இல் மொசில்லாவின் மொஸ்ஜேபெக் வந்தது. 2017இல் வந்த குவெற்ஸ்லி, பத்து இலட்சம் புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கணித்து, ஜேபெக் கோப்பை நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை குறைப்பதாகக் கூறியது. ஒருமுறை சுருக்கி இலட்சம் முறை அனுப்புவோர்க்கு இந்நேரம் இலாபம். தினமும் ஆயிரம் படம் ஏற்றும் செய்தித்தாளுக்கு அது கட்டாது. கருவியைத் தெரிவதில் உண்மையான பொறியியற் கேள்வி இங்கேதான் எழுகின்றது. அக்கேள்வி எழுவதற்கு வடிவம் முதலில் எவர்க்கும் சொந்தமற்றதாக வேண்டியிருந்தது.

ஆயின் ஆதிக்கம் மறையவில்லை, இடம் மாறியது. கூகிள் 2010இல் விலைக்கு வாங்கிய ஒரு காணொளி நிறுவனத்தின் முறையிலிருந்து அதே ஆண்டு வெப்பி வடிவத்தை உருவாக்கிக் கட்டணமின்றி வழங்கியது. இருந்தும் அப்பிளின் சஃபாரி உலாவி அதனை ஏற்க 2020 வரை சென்றது. அப்பத்தாண்டும் வலைத்தளம் நடத்தியோர் ஒவ்வொரு படத்தையும் இருவடிவில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்து, பழைய ஜேபெக் கோப்பை மேலதிக இழப்பின்றி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறிதாக்கவும், வேண்டியபோது அதனைப் பழையபடியே மீட்கவும் வல்ல ஜேபெக் எக்ஸ்.எல். வந்தது. இம்முறை வாயிலிற் காத்திருந்தது ஆக்கவுரிமையன்று. அதன் உருவாக்கத்திற் கூகிளின் ஆய்வாளரே பங்குகொண்டிருந்தும், குறோம் உலாவியை நடத்தும் பிரிவு 2022இல் அதனை நீக்குவதாக அறிவித்தது. துறையினரிடையே போதிய ஆர்வமில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வறிவித்தலின் கீழ்த் துறையினர் பலர் எழுதிக் குவித்த மறுப்புகளே அதற்கு விடையாயின. 2023இல், வெப்பிக்குப் பத்தாண்டு கதவடைத்த அதே அப்பிள் நிறுவனம், தன் சஃபாரியில் ஜேபெக் எக்ஸ்.எல். வடிவத்துக்கு இடமளித்தது.