கூத்துக்களமும் பெண்ணின் இரவும்

சமூக நீதியைப் பொருளாகக் கொண்டு நகரங்களில் நிகழும் அரங்க நிகழ்வுகளும் காண்கலை விழாக்களும் அண்மைக்காலப் புதுவரவு என்றே பலரும் எண்ணுகின்றனர். திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்து நகரமாகிவரும் நிலப்பரப்பையும், அதனை அடுத்த காஞ்சிபுர வட்டாரத்தையும் அறிந்தார்க்கு அவ்வெண்ணம் நிலைபெறாது. ஆடலும் பாடலும் உருவமைப்பும் ஊர்மக்களும் ஒரு களத்தில் கூடும் பெருநிகழ்வு இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக உண்டு. அதுவே திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவாகும்.

பத்து நாள் முதல் இருபது நாளுக்கு மேலும் நீளும் இவ்விழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. அருச்சுனன் தபசன்று வேடதாரி உயர்ந்த கம்பத்தின் மேலேறிப் பாட, கீழே திரண்டிருக்கும் கூட்டமே நாடகத்தின் உறுப்பாகிவிடும். இறுதிநாட் படுகளத்திற்கெனத் துரியோதனனைக் களிமண்ணால் பேருருவாகக் கிடத்துவர். வீமன் வேடதாரி அதன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி நிகழும். அம்மண்ணை நலந்தரும் பொருளாகக் கருதி வீட்டிற்கு எடுத்துச் செல்வாரும் உளர். அடுத்த மழைக்கு எஞ்சியது கரைந்துபோகும். அழியவென்றே ஆக்கப்படும் இத்தகைய படைப்பை இன்றைய கலைக்கூடங்கள் புதுமை என்று போற்றுகின்றன. அவை இந்தப் படுகளத்தைக் கண்டதில்லை போலும்!

ஆயினும் இக்களத்தைப் பொதுவுடைமையின் உறைவிடமாகப் புனைந்துரைத்தல் வரலாறு ஆகாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராசா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2023 சூனில் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. உயர்நீதிமன்றத் தலையீட்டின் பின்னர் 2024 மார்ச்சில்தான் அது மீண்டும் திறந்தது. அவைநடுவே நீதி கேட்ட ஒருத்தியின் கோயிலிலேயே நீதிக்கு வாயில் அடைபட்டது. அதனினும் பழைய விலக்கு ஒன்று உண்டு. துகிலுரிதல் காட்சியில் அவள் கேட்கும் கேள்விகளைத் தலைமுறை தலைமுறையாக ஆண்குரலே கேட்டு வந்தது. பெண்கள் களத்தின் ஓரத்தில் விடியும்வரை அமர்ந்து கேட்டனர், களத்தில் ஏறவில்லை. ஊரூராய்ச் சென்று இரவெல்லாம் ஆடும் தொழில் பெண்ணுக்கு அடாது என்பதே வழக்கு. விலக்கப்பட்டது கலையா, இரவா என்று கேட்டால் இரவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்வழக்கை உடைத்தவர்கள் கூத்துக்காரர்களே என்பது குறிப்பிடத்தக்கது. கூத்தர் மரபில் வந்த பெ. இராசகோபாலும் உடன் கலைஞர்களும் 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினர். 'தெருக்கூத்து' என்னும் பெயரில் ஒலித்த இழிவுக்குறிப்பை அவர்கள் ஏற்கவில்லை. கிரீடமும் புசக்கட்டையுமாகிய கட்டை அணிகளால் வந்த பெயரையே முன்னிறுத்தினர். அப்பெயர் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனியே ஆராயத்தக்கது. இச்சங்கத்தில் டச்சு நாட்டு ஆய்வாளர் அன்னெ தெ புருயின் அவர்களின் பங்கும் பெரிது. 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பள்ளிக்கல்வியோடு கூத்தையும் கற்பித்தது. சிறுவரோடு சிறுமியரையும் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற பெண்கள் ஆண்வேடமும் கட்டினர். இரவுக் களத்தில் நின்றனர். குருகுலம் 2020இல் நிறைவுற்றது. எனினும் அது ஆக்கிய ஆடுநரை எவரும் இல்லையென்று ஆக்க இயலாது.

இதே ஆண்டுகளில் பெண்ணின் இரவு வேறொரு வாயிலிலும் திறந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்கள் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே ஆலையில் பணிபுரியலாம் என வரையறுத்திருந்தது. அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது பணியேற்றவர்களுள் இளம்பெண்களே மிகுதி. கூத்தவை சிறுகச் சிறுகக் கூடி ஒருங்கே கலைவதைச் செல்வத்திற்கு உவமையாக்கினார் வள்ளுவர். அவ்வாலை 2014இல் மூடப்பட்டபோது அவ்வுவமை இவ்வூரார்க்கு உரையின்றியே விளங்கியிருக்கும். ஆலை தந்த இரவு கூலிக்குரியது. கூத்து தந்த இரவு குரலுக்குரியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. எனினும் பெண் இரவில் வெளியே நிற்கலாம் என்பதை ஒரே வட்டாரம் ஒரே காலத்தில் இருவழியாலும் பழகிக்கொண்டது நோக்குதற்குரியது.

சென்னையில் இக்கேள்வி இடத்தைப் பற்றியதாக எழுந்தது. டி.எம். கிருட்டிணா, நித்தியானந்து செயராமன் முதலியோரின் முயற்சியால் 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், சபாக்களுக்குரியதாகக் கருதப்பட்ட கருநாடக இசை மீனவர் தெருவில் ஒலித்தது. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா. இரஞ்சித்தின் முயற்சியால் 'காசுட்லெசு கலெக்டிவ்' இசைக்குழு அரங்கேறிக் கானாவையும் பறையையும் ஒருங்கு முழக்கியது. குப்பத்து விழா மேலோர் கலையைக் கீழே கொணர்ந்த கருணையாக மட்டும் நின்றுவிடுமோ என்னும் ஐயம் அக்காலத்தே எழுந்தது, அது புறந்தள்ளத்தக்கதன்று. அதற்கு ஒரு விடை கூத்தின் பக்கத்திலிருந்தே கிடைத்தது. சங்கீதா சிவகுமாரும் கிருட்டிணாவும் இராசகோபாலின் குழுவினரும் இணைந்த 'கருநாடகக் கட்டைக்கூத்து' நிகழ்வில் இருமரபும் ஒரே மேடையில் ஒன்றையொன்று எதிர்கொண்டன. அங்கே கூத்தர் விருந்தினராக நிற்கவில்லை. பாரதம் அவர்களுடையதாகவே இருந்தது.

பாரத விழாக்காலம் பெரும்பாலும் கோடைத் திங்கள்களில் அமைகிறது. ஆலையின் வேளைமுறைகள் அத்திங்களை அறியா. விடிய விடிய நிகழும் கூத்தைப் பணிக்குச் செல்பவள் காணவியலாது. இரவுப்பணி முடித்து ஆலைப் பேருந்திலிருந்து இறங்குபவளுக்கு வாய்ப்பது, இன்னும் ஈரம் உலராமல் கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவம் மட்டுமே.