மேல்சிறுவள்ளூர் உருக்கும் ஒரு துளி வனேடியமும்

திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் காந்தக்கல் இரும்புத்தாது இருப்பது ஊரறிந்த செய்தி. இங்கிருந்து தெற்கே, சங்கராபுரம் பக்கத்து மேல்சிறுவள்ளூரில் பழங்காலத்தில் மூசை என்னும் மண்கலத்தில் உருக்கு வார்த்த தடயங்கள் இருப்பதை 1994-இல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கட்டுரையாக எழுதினார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரம் விறகையும் எருக்கிலையையும் மூசைக்குள் இட்டு, களிமண்ணால் வாயடைத்துக் காய்ச்சுவது தென்னாட்டு முறை. விறகும் இலையும் கரியாகி இரும்பில் ஏற, சுமார் 1.5 சதவீதம் கார்பன் கொண்ட உருக்குக் கட்டி கிடைத்தது.

இந்த உருக்கு சூட்டில் எப்படி மாறுகிறது என்பது புரிய, முதலில் தூய இரும்பைப் பார்ப்போம். அதைச் சூடேற்றினால் 912 டிகிரி செல்சியஸில் அதன் அணு அடுக்கே மாறி, ஃபெரைட் என்ற நிலை ஆஸ்டெனைட் என்ற நிலையாகிறது. கார்பன் சேர்ந்த உருக்கில் இந்த மாற்றம் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். மாங்கனீசும் நிக்கலும் அந்த அளவை இன்னும் கீழே இறக்கும். குரோமியம், சிலிக்கான், மாலிப்டினம் மேலே ஏற்றும். 18 சதவீதக் குரோமியத்தோடு 8 சதவீத நிக்கல் சேர்ந்தால் ஆஸ்டெனைட் அறைவெப்பத்திலும் அப்படியே நிற்கும். 304 ரக எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டாததற்கு இதுதான் காரணம்.

குரோமியமும் வனேடியமும் இன்னொரு வேலையும் செய்கின்றன. கார்பனை இறுகப் பற்றிக் கார்பைடு ஆக்கி, சூட்டில் அது எளிதில் கரையாதபடி காக்கின்றன. தென்னிந்திய உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாள்களின் மேல் தெரியும் அலைவரி எப்படி வந்தது என்பதற்கு விடை இங்கேதான் கிடைத்தது. வனேடியம் போன்ற தனிமங்கள் ஒரு சதவீதத்தின் நூற்றில் ஒரு பங்கைச் சுற்றிய அளவில் இருந்தாலே போதும், திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கார்பைடு வரிவரியாகத் திரளும் என்று 1998-இல் உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் காட்டினார்கள். கொல்லர் சூட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் கார்பைடு முழுதும் கரைந்து வரி அழிந்துவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில், கனலின் நிறம் பார்த்தே அந்த வரம்பைக் காத்த கைகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னாட்டு உருக்கு முறையை விரிவாகப் பதிவு செய்தவர். 1839-இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவரும் அவரே. கலப்பு உருக்கின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூசை ஓடுகளும் இரும்புக் கசடும் வயல்வெளியில் தட்டுப்பட்டால், அவற்றைச் சாலை போடும் மண்ணோடு அள்ளிவிடாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.