சுவரும் தலையும் கிணறும்

சரித்திர ஆசிரியர்கள் அரசர்களுடைய கிரீடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அரண்மனைக் கூரையில் பெய்த மழை எப்படிக் கீழே இறங்கிற்று என்று எழுத மாட்டார்கள். எனக்கோ இந்த இரண்டாவது விஷயத்தில்தான் ருசி அதிகம்.

லண்டன் கோட்டையின் நடுவில் சுமார் 90 அடி உயரத்தில் ஒரு பெரிய கோபுரம் நிற்கிறது. 1240-ம் ஆண்டில் மூன்றாம் ஹென்றி அதற்கு வெள்ளையடிக்கச் செய்தான். ‘வெள்ளைக் கோபுரம்’ என்று பெயர் வந்தது அதனால்தான். வெள்ளையடித்த கையோடு மன்னனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தூம்பு வழியாகத் தண்ணீர் கொட்டும். காற்றடித்தால் சுவர்மேலேயே வழியும். புது வெள்ளை என்ன ஆவது? ஆகவே, காரீயத் தூம்புகளைத் தரைவரைக்கும் இறக்கிவிட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தான். நம் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கும் மழைநீர்க் குழாய்க்கு இப்படி ஒரு ராஜ வம்சாவளி உண்டு.

மன்னன் நினைத்தது சுவரைத்தான். கீழே நடந்து போகிறவனுடைய தலையை அல்ல. தலைக்கு முறை வர ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆயிற்று. லண்டன் தெருக்களில் கூரைத் தூம்புகள் வழிப்போக்கர்களுக்கு இலவச ஸ்நானம் செய்வித்துக்கொண்டிருந்தன. 1724-ம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் செய்து, கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகவே இறக்க வேண்டும் என்றது. பின்னால், காரீயத்தைவிட மலிவான வார்ப்பிரும்பு வந்தது; குழாய் சாதாரணக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாயிற்று.

ஆனால் ராஜாவின் ஆணையும் பாராளுமன்றச் சட்டமும் ஒரு பிடிச் சருகுக்கு முன்னால் நிற்க மாட்டா. சருகும் மண்ணும் குழாயின் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மேலே தேங்கி, இணைப்பு வழியாகக் கசிந்து, கூரைத் தண்ணீரெல்லாம் சுவரில் ஒரே இடத்தில் இறங்கும். ஈரம் கண்ட வெடிப்பில் காக்கை போட்ட விதை முளைக்கும். அரசன் காத்த சுவரை அரசங்கன்று பிளந்துவிடும். வார்ப்பிரும்புக் குழாயில் இன்னொரு சூது: வர்ணம் பூசுகிற பிரஷ் எட்டாத முதுகுப்புறம்தான் முதலில் துருப்பிடிக்கும். முன்னால் பார்த்தால் பளபளவென்றிருக்கும். மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

வைத்தியம் கஷ்டமானதல்ல. எந்த இணைப்பு ஒழுகுகிறதோ அதற்குக் கீழேதான் அடைப்பு. மேலிருந்து கம்பியால் குத்தினால் சருகு இன்னும் இறுகும். முதலில் வாயில் கிடப்பதைக் கையால் அள்ளிவிட்டு, கீழிருந்து மூங்கில் பிளாச்சால் கிளறி இறக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகு, வாய்க்குக் கம்பிவலை போடலாம். குழாயைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பொருத்தினால் முதுகுப்புறமும் கண்ணுக்குத் தெரியும்.

2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் இந்தக் குழாய்க்கு மூன்றாவது உத்தியோகம் கிடைத்தது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிற்று. தெருவுக்கு ஓடிய தண்ணீரை மண்ணுக்கும் கிணற்றுக்கும் திருப்பினார்கள். முதலில் சுவர், அப்புறம் தலை, இப்போது கிணறு!

சட்டம் குழாயை வைக்கச் சொல்லும். ஐப்பசி பிறப்பதற்குள் மாடிக்கு ஏறிச் சருகை அள்ளுவதற்கு நாம்தான் போக வேண்டும்.