நூற்றொரு நாட்களின் பாடம்

குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே ஹார்பர் ரயில் பாதையில் அமைந்த திலக் நகரில், வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. அண்டையிலுள்ள சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் நாள்தோறும் உச்சரிக்கும் இந்தப் பேட்டையின் பெயருக்குரிய லோகமான்யர், தேசத் தலைவராவதற்கு முன் ஒரு பள்ளி உபாத்தியாயராக இருந்தார் என்பதும், அவருடைய முதல் சிறைவாசம் இதே பம்பாயில், உண்மையென நம்பிப் பிரசுரித்த சில கடிதங்களால் நேர்ந்தது என்பதும், வகுப்புக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு நடக்கும் இக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் அவசியம் அறிய வேண்டிய சரித்திரமாகும்.

1880 ஜனவரியில் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூங்கரும் திலகரும் புனாவில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். கோபால் கணேஷ் ஆகர்கர் பின்னர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு ஜனவரியிலேயே மராத்தியில் ‘கேசரி’யும் ஆங்கிலத்தில் ‘மராட்டா’வும் வெளிவந்தன. பாடம் சொன்ன அதே மனிதர்கள் பத்திரிகையும் நடத்தினார்கள் என்றால், கல்வி பள்ளிச் சுவர்களுக்குள் அடங்குவதன்று என்று அவர்கள் கருதியதே காரணம். சென்னையிலும் இதே எண்ணம் சற்று முன்னரே உதித்திருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் என்னும் ஆசிரியர் இருவரும் சட்டம் பயின்ற மாணவர் நால்வருமாகச் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி ஹிந்து’வின் எண்பது பிரதிகளை அச்சிட்டார்கள். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இகழ்ந்ததற்கு அவர்கள் அளித்த மறுமொழி அது. ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில், பெயரை மறைக்காமல் பொது விஷயம் பேசுவது நமக்குப் புதிதன்று.

ஆயினும் புனாவின் அநுபவம் கசப்பானது. கோல்ஹாப்பூர் சமஸ்தானத்தின் இளம் மகாராஜாவை அவருடைய திவான் மாதவராவ் பர்வே கொடுமைப்படுத்துகிறார் என்ற செய்தியால் கொதித்தெழுந்த இரு பத்திரிகைகளும், திவான் எழுதியவை என்று தங்கள் கைக்கு வந்த கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு கடுமையாகத் தாக்கின. திவான் அவதூறு வழக்குத் தொடுத்தார். கடிதங்கள் போலியானவை என்பது வெளிப்பட்டது. ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டும் பயனில்லாமல், 1882 ஜூலையில் திலகரும் ஆகர்கரும் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்று டோங்கிரிச் சிறைக்குச் சென்றார்கள். தண்டனை சற்றுக் குறைந்து வெளிவந்த பின், ஆகர்கர் அந்த நூற்றொரு நாட்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர்களுடைய நோக்கம் தூயது. இளைஞன் ஒருவனுக்கு நேர்ந்த அநீதியென்று எண்ணியே பேனாவை எடுத்தார்கள். ஆனால் நல்ல நோக்கம் பொய்க் கடிதத்தை மெய்யாக்கிவிடவில்லை. தாங்கள் அச்சிட்டதற்குத் தாங்களே பொறுப்பு என்று நின்று, அதற்குரிய விலையையும் கொடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இன்று அந்தப் பொறுப்பு எங்கே இருக்கிறது? 2018 ஜூலை 1 அன்று, இதே மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரயின்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய ஜனக்கூட்டம், பிழைப்புத் தேடி வந்திருந்த நாத கோசாவி வகுப்பைச் சேர்ந்த ஐவரை அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவன் யார், பத்தாவதாக அனுப்பியவன் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. இயந்திரம் விதித்த அந்த வரம்பு, மனிதர் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய விவேகத்துக்கு ஈடாகாது.

இதே சாதனங்களை நற்பயனுக்குத் திருப்பிய ஆசிரியரும் இம்மாநிலத்திலேயே இருக்கிறார். சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடியில் ஜில்லா பரிஷத் பள்ளி ஆசிரியராயிருந்த ரஞ்சித்சிங் டிசலே, பாடப் புத்தகங்களில் கியூஆர் குறியீடுகளைப் பதித்து, செல்பேசியைக் காட்டினால் பாட்டும் பாடமும் ஒலிக்கும்படி செய்தார். பகை நாடுகளின் மாணவர்களை இணையவழியே ஒருவரோடொருவர் பேசவும் வைத்தார். 2020இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தபோது, அதில் பாதியை இறுதிச் சுற்றிலிருந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்தளித்தார்.

திலக் நகரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் பாடம் சொல்லும் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. ஜூனில் பள்ளி திறந்து குழு அமைக்கும் நாளில், எண்களைச் சேர்ப்பதற்கு முன்னால் டோங்கிரிச் சிறையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மதிப்பெண்ணையும் கண்டிப்பையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதாதீர்கள். பெற்றோர் அறியாமல் எந்தக் குழந்தையோடும் இரவில் தனியே செய்தி பரிமாறாதீர்கள். “அனுப்புமுன் யார் எழுதியது என்று கேட்டாயா?” என்ற கேள்வியை மாணவர் உங்களிடமே திருப்பிக் கேட்கவும் இடம் கொடுங்கள்.